மேரி டைல்ஸ்டன் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தொகுப்பாசிரியர் மேரி வைல்டர் டைல்ஸ்டனைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, 1884இல் பாஸ்டனில் வெளிவந்த அவருடைய ‘அன்றாடத் தேவைக்கு அன்றாட வலிமை’ என்ற கிறிஸ்தவத் தியான நூலை ஒரே மூச்சில் வாசித்தேன். நாளுக்கொரு பக்கம், அத்தனையும் பிறர் வரிகள். இவரை எழுத்தாளர் வரிசையில் வைப்பது நியாயமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஜனவரி முதல் தேதிப் பக்கத்தை மறுபடி பாருங்கள். முதலில் பைபிளின் சங்கீத வசனம்: பலத்தின்மேல் பலம் அடைந்து நடப்பவர்கள். அடுத்து மாற்கு நற்செய்தி: முன்பு முளை, பின்பு கதிர், பிறகு கதிரிலே நிறைந்த தானியம். அதன்கீழ் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸின் கவிதை. பழைய அறையை விட்டுப் பெரிய அறை கட்டிக்கொண்டே போகும் நாட்டிலஸ் என்ற கடல் உயிரியைக் கண்டவர், நீயும் அப்படிக் கட்டு என்று தன் ஆன்மாவிடம் சொல்கிறார். கடைசியில் ஆங்கிலேய மதச் சிந்தனையாளர் ஜேம்ஸ் மார்ட்டினோ: உயர்ந்த உள்ளங்களுக்குப் புதிய அழைப்பு கேட்காமல் போகாது, அவை சுகமான கூடாரத்தைக் கலைத்துவிட்டுக் கிளம்பிவிடும்.

நடை, முளை, வீடு, பயணம். புத்தாண்டு நாளுக்கான ஒரு முழுக் கட்டுரை இது. வரிகள் வேறு வேறு ஆட்களுடையவை, கட்டுரை டைல்ஸ்டனுடையது.

அவர் 1843இல் மாசசூசெட்ஸின் சேலத்தில், திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் பிரிவுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் ஹென்றி பாஸ்டன் கிங்ஸ் சேப்பலில் போதகர். ஆனால் தங்கையின் நூலில் கத்தோலிக்கப் பேராயர் ஃபெனலோன் வருகிறார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் நம்பிக்கைக்காகப் பலமுறை சிறை சென்ற ஐசக் பெனிங்டன் வருகிறார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆங்கிலிக்க இறையியலாளர் ப்யூசியும் வருகிறார். ஒரே ஆலயத்தில் சேர்ந்து அமர்ந்திருக்கவே மாட்டார்கள் இவர்கள்!

என்னை மிகவும் தொட்டது இன்னொன்று. ஃபெனலோனும் பெனிங்டனும் யாரோ ஒருவரின் மனக்கலக்கத்துக்கு ஆறுதலாகக் கடிதங்கள் எழுதியவர்கள். அத்தகைய வரிகளைப் பெறுநரிடமிருந்து பிரித்து, ஒரு தேதியின் கீழ் வைக்கிறார் டைல்ஸ்டன். அன்று பக்கத்தைத் திறப்பவருக்கு அது வந்து சேர்கிறது. எந்த வரி தனியே நிற்கும், எது முன்பின் இல்லாமல் செத்துப்போகும் என்று அறிய அபாரமான வாசிப்பு வேண்டும்.

ஒரே மூச்சில் வாசித்ததால்தான் உங்களுக்கு வெறும் மேற்கோள் குவியலாகத் தோன்றியிருக்கிறது. தேதிப்படி, காலையில் ஒரு பக்கம் மட்டும் படித்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். பொறுமை, பணிவு பற்றிய பக்கங்கள் தேவைக்கு மேல் இருக்கின்றன. அவற்றோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை.