முதலில் அந்தப் பத்து வினாடியைப் பார்ப்போம்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்கார மாட்டான், பென்சில், ரப்பர் தினமும் தொலையும், சொன்னது காதில் ஏறாது. ஏடிஹெச்டியாக, அதாவது கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறாக இருக்கலாம் என்கிறார் ஆசிரியை. இணையத்தில் இருந்த கேள்விகளுக்குப் பதில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் பொருந்துகிறது. சாப்பிடும்போதுகூடச் சில நேரம் கை அப்படியே நின்றுவிடுகிறது, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. இனிப்பும் செல்போனும்தான் காரணமா? "இவன் அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான், நான் அடிச்சு வளர்த்தேன், நீ செல்லம் குடுத்துக் கெடுக்கற" என்கிறார் மாமியார். மாத்திரை இல்லாமல் வளர்க்க முடியுமா? ஞாபகசக்தி சிரப் தரலாமா?

பதில்: நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. சாப்பிடும்போது கை நின்றுவிடுகிறது என்கிறீர்களே, அது.

கவனம் சிதறும் குழந்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பான். தோளைத் தொட்டால் திரும்பிவிடுவான். கீழே விழாமல், கைகால் வெட்டாமல் வருகிற ஒருவகை வலிப்பு இருக்கிறது. அதை அப்சன்ஸ் சீஷர் என்போம். அது வந்தால் கவளம் வாய்க்கு அருகில் நிற்கும், பார்வை வெறித்துப்போகும், இமை லேசாகத் துடிக்கலாம். தொட்டாலும் உலுக்கினாலும் அசைவு இருக்காது. பத்து வினாடி கழிந்ததும், எதுவுமே நடக்காததுபோல மிச்சச் சோற்றைச் சாப்பிடுவான். நடந்தது அவனுக்கே தெரியாது. ஒரு நாளைக்குப் பல தடவை வரும் என்பதால் வகுப்பில் பாதிப் பாடம் அவன் காதில் விழாது. "கவனமில்லை" என்று பெயர் வாங்குவான். அடுத்த முறை கை நின்றால் தொட்டுப் பாருங்கள், வீட்டில் இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். அதோடு இந்த வாரமே குழந்தைநல மருத்துவரிடம் போங்கள். வலிப்பா இல்லையா என்று கண்டுபிடிக்க, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி பரிசோதனை உதவும். வலிப்பு என்றால் மாத்திரை கட்டாயம் வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. தெளிவாகத் தெரியும்வரை கிணறு, குளம், சாலையில் சைக்கிள் எதற்கும் தனியாக விடாதீர்கள்.

சிரப் வேண்டாம். எந்த மருந்துக்கடை சிரப்பும் ஏடிஹெச்டியைச் சரி செய்யாது. அடங்கித் தூங்கட்டும் என்று சளி மருந்தை ஊற்றுகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இனிப்பு இந்தக் கோளாறைக் கொண்டுவருவதில்லை, செல்போனும் அப்படித்தான். ஆனால் செல்போன் தூக்கத்தைத் தின்றால் மறுநாள் துறுதுறுப்பு இரண்டு மடங்காகும். இந்த வயதில் 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். இணையக் கேள்வித்தாளை மறந்துவிடுங்கள். அதில் துறுதுறுப்பான எந்தப் பிள்ளையும் தேறிவிடுவான். ஆறு மாதமாவது நீடித்திருக்கிறதா, வீடு பள்ளி இரண்டிலும் இருக்கிறதா, படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கிறதா என்று நேரில் விசாரித்துத்தான் முடிவு சொல்ல முடியும். காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கும் பயம் வேறு. "என் வளர்ப்பில் தப்பா?" இல்லை. உங்கள் மாமியார் சொன்னதிலேயே விடை இருக்கிறது: அவன் அப்பாவும் இப்படித்தான். ஏடிஹெச்டி பெரும்பாலும் மரபுவழி வருவது. செல்லத்தால் வராது, அடியால் போகாது.

வளர்ப்பால் இதை வரவழைக்க முடியாது, ஆனால் அவன் அன்றாடத்தை வளர்ப்பால் நிறைய மாற்ற முடியும். இந்தக் குழந்தைகளுக்குத் தள்ளிக் கிடைக்கப்போகும் பரிசு கண்ணில் படாது. "முழுப்பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள்" என்பது அவனுக்கு இல்லாததற்குச் சமம். ஒரு கண்ணாடிப் புட்டி வையுங்கள். பையைத் தானே எடுத்துவைத்தால் உடனே ஒரு புளியங்கொட்டை, ஒரு கணக்கை முடித்தால் இன்னொன்று. பத்து சேர்ந்தால் அன்று மாலையே உங்களோடு கேரம் ஒரு ஆட்டம். போட்ட கொட்டையைக் கோபத்தில் திரும்ப எடுக்காதீர்கள்.

அடுக்களையிலிருந்து "குளிச்சியா, ஷூ எங்க, டைரி எடு" என்று மூன்றையும் சேர்த்துக் கத்தினால் ஒன்றும் போய்ச் சேராது. பக்கத்தில் போய்த் தோளில் கைவைத்து, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அது முடிந்தபின் அடுத்தது. காலை வேலைகளை வரிசையாகப் படம் வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டினால் உங்கள் தொண்டைக்கும் ஓய்வு. ஹோம்வொர்க்கைப் பத்து பத்து நிமிடமாக வெட்டுங்கள், நடுவில் எழுந்து ஓடட்டும். சேட்டைக்குத் தண்டனையாக மாலை விளையாட்டை மட்டும் நிறுத்தவே வேண்டாம். ஓடித் தீர்த்த பிள்ளைக்குத்தான் கொஞ்சமாவது உட்கார வரும்.

ஆசிரியையிடம் முன் பெஞ்சு கேளுங்கள். நோட்டு விநியோகம், கரும்பலகை துடைப்பது இரண்டையும் அவனிடம் தரச் சொல்லுங்கள், எழுந்து நடக்க ஒரு மரியாதையான காரணம் கிடைக்கும்.

அப்புறம், மாத்திரை. 6 வயதுக்குக் கீழே பெற்றோருக்கான பயிற்சியில்தான் தொடங்குவோம். உங்கள் மகன் வயதில், பாதிப்பு லேசாக இருந்தால் மேலே சொன்னவற்றைச் சில மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்கலாம். அப்படியும் படிப்பு சரிந்து, நண்பர்கள் விலகி, "நான் ஒன்னுக்கும் ஆகமாட்டேன்" என்று அவனே சொல்லத் தொடங்கினால் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். அது நீங்கள் தோற்றதாக ஆகாது. மருந்தோடு இந்தப் பழக்கங்களும் தொடர வேண்டும்.

தனியார் செலவு தாங்காது என்றால், அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அந்த வீடியோவையும், ஆசிரியை தன் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தையும் கொண்டுபோங்கள். முடிந்தால் கணவரையும் கூட்டிப் போங்கள். அவருடைய சின்ன வயசுக் கதையை மருத்துவர் கட்டாயம் கேட்பார்.