குடும்ப நண்பர் திடீரென்று இறந்துவிட்டார், "சொந்தமா என்ன?" என்று கேட்கிறார்கள். இந்தத் துக்கத்தை எப்படித் தாங்குவது?

உங்கள் கேள்வியைப் பார்த்தால், பதினாறு முடிவதற்குள்ளேயே வீட்டில் யாரோ "இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க" என்று ஆரம்பித்திருப்பார்கள் போலிருக்கிறது. என்னையும் கேட்டார்கள்.

எங்களுக்கு ஊர் கோவில்பட்டி. நான் மாமா என்று கூப்பிட்டவர் அப்பாவின் நண்பர். சாதி வேறு, கொண்டு கொடுத்த உறவும் இல்லை. ஆனால் எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று அப்பாவுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்தவர் அவர்தான். கேரளாவிலிருந்து குச்சி லோடு வரவழைத்து இங்குள்ள தீப்பெட்டி ஆபீசுகளுக்குக் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கொடுக்கிற தொழில். ஒரு நாள் ராத்திரி நெஞ்சைப் பிடிக்கிறது என்றிருக்கிறார். சட்டை நனைய வியர்வை. கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர், விடிவதற்குள் போய்விட்டார். (நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தோள்பட்டை வலி எல்லாம் சேர்ந்து வந்தால் தயவுசெய்து சோடாக் கடைக்கு ஓடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.)

துட்டி வீட்டில் ஆளுக்கு ஒரு இடம் உண்டு. நீர்மாலைக்குப் பங்காளிகள், அத்தைக்குக் கோடி போடப் பிறந்த வீட்டார், நெய்ப்பந்தத்துக்குப் பேரப்பிள்ளைகள், கொள்ளிக்கு மகன். முப்பது வருஷமாகத் தினமும் அவரோடு டீ குடித்த என் அப்பாவுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. வருகிறவர்கள் கை தொட்டுத் துக்கம் கேட்கிற வரிசையிலும் அவர் உட்கார முடியாது. பந்தல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார், அவ்வளவுதான். நான் முறைகளைக் குறை சொல்லவில்லை. பாரம்பரியத்தை அவமதிக்கிறான் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். இருந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு மட்டும் ஒரு வேலை கிடைத்தது. மாமாவின் ஃபோனை அவர் மகன் என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டான். அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணாச்சி, புளியரை தாண்டிட்டேன், லோடு எந்த ஆபீசுல இறக்கணும்?" என்றார் ஒரு லாரி டிரைவர். விஷயத்தைச் சொன்னேன். "விளையாடாதீங்க தம்பி, நேத்து ராத்திரிதானே பேசினாரு, ஃபோனை அவர்கிட்ட குடுங்க" என்றார். மறுபடியும் சொன்னேன். கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சரி, அப்ப லோடு யார்கிட்ட கேக்கட்டும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதுவரை கல்லு மாதிரி இருந்தவன், அங்கேதான் உடைந்து அழுதேன்.

மூன்றாம் நாள் ஆபீசில் லீவு கேட்டால், விண்ணப்பத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம். மாமா என்று போட்டேன். "தாய்மாமாவா?" என்று மேனேஜர் கேட்டார். இல்லை என்றதும் அதைச் சம்பளம் இல்லாத விடுப்பாக மாற்றிவிட்டார். இதே மனிதர்தான் ஐபிஎல் ஃபைனல் அன்று தனக்கு வயிற்றுப்போக்கு என்று மதியமே வீட்டுக்குக் கிளம்பியவர். எங்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை வரும், அதற்குக் கூடுதல் சம்பளம் என்று வாயைத் திறந்தால் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். சரி, அதைப் பேசினால் ராத்திரி ஆகிவிடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சங்க காலத்துக்குத் தாவுகிறான் என்று கிண்டல் செய்யாதீர்கள். பாரி இறந்த பிறகு அவன் மகளிரை அழைத்துக்கொண்டு, அவர்களுக்கு வாழ்க்கை தேடி அரசன் அரசனாகப் போய் நின்றவர் கபிலர். பங்காளியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை, சிநேகிதர். நம்மைப் போன்றவர்களுக்கு வேலை பதினாறுக்கு அப்புறம்தான் வருகிறது, சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு. எங்கள் அப்பா தேறியதும் அப்படித்தான். மாமாவின் சிட்டையையும் ஃபோனையும் வைத்துக்கொண்டு, எந்த ஆபீஸ் எவ்வளவு தர வேண்டும், கேரளாவில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவர் மகனோடு உட்கார்ந்து எழுதினார். நடுநடுவே அழுவார், மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள்.

மற்றபடி அந்த வீட்டுக்குப் போய், இறப்பைப் பதிவு செய்தாயிற்றா என்று கேளுங்கள். வீட்டில் நடந்த சாவு என்றால் 21 நாளுக்குள் வீட்டார்தான் பதிய வேண்டும், அழுகிற வீட்டில் இது யாருக்கும் ஞாபகம் வராது. பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருக்கிற மாதிரியே விழுகிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். எங்களுக்கு ஒரு எழுத்து மாறிப்போய், வாரிசுச் சான்றிதழுக்கு அத்தையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு அலைந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.