வாய்க்காலும் மின்சுற்றும்: கற்றல் பற்றிய கேள்வி பதில்

வன்னிப் பாடசாலைகளில் நெடுங்காலம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்திருப்பவை புதிய பாடத்தை எப்படித் தாங்குகின்றன அல்லது தடுக்கின்றன என்பது பற்றிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (ஆசிரியை, முல்லைத்தீவு): என் வகுப்பில் பெரும்பாலோர் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால், மின்னோட்டத்தை வாய்க்கால் தண்ணீருக்கு ஒப்பிட்டுக் கற்பித்தேன். ஆனால், தொடராக இணைத்த ஒரேவகையான இரண்டு மின்குமிழ்களில் இரண்டாவது மங்கலாக எரியும் என்றே பலரும் பரீட்சையில் எழுதினார்கள். எங்கே பிழைத்தது ஐயா?

பதில்: தங்கச்சி, நீங்கள் சொன்னதைப் பிள்ளைகள் மிக நன்றாக விளங்கிக்கொண்டதால்தான் பிழைத்தது. குளத்தின் துருசைத் திறந்தால் தலைப்பில் உள்ள காணிக்காரர் முதலில் பாய்ச்சிக்கொள்ள, வழியிலே கசிவும் சேர்ந்து, கடைசிக் காணிக்கு மிச்சமே வந்து சேரும் என்பதைத் தகப்பனோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு வரம்பிலே காத்து நின்று அறிந்த பிள்ளை, முதல் மின்குமிழைத் தலைப்புக் காணியாகவும் இரண்டாவதைக் கடைசிக் காணியாகவும் எண்ணியதில் வியப்பில்லை. வாய்க்கால் தண்ணீர் வழியிலே தீரும். தொடர்ச்சுற்றிலோ எந்த இடத்திலும் மின்னோட்டம் ஒரே அளவுதான், ஆகவே ஒரேவகையான இரண்டு மின்குமிழ்களும் ஒரே அளவில்தான் ஒளிரும். ஒப்புமை எந்த இடத்தில் முறிகிறது என்பதை நாம் சொல்லாவிட்டால், பிள்ளை தனக்குத் தெரிந்ததைக்கொண்டு அந்த இடத்தையும் நிரப்பிவிடும்.

சைக்கிள் சங்கிலி இதற்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். மிதித்தால் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. சங்கிலி குறைவதில்லை, ஆயினும் பின்சில்லுக்குச் சக்தி போய்ச் சேருகிறது. இதையும் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். மின்குமிழுக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானி என்ன காட்டும் என்று ஒவ்வொருவரையும் முதலில் கொப்பியில் எழுதச் சொல்லி, அதன் பிறகே ஆளியை மூடுங்கள். தான் எழுதிய எண்ணும் மானி காட்டும் எண்ணும் மோதும்போதுதான் பழைய எண்ணம் அசையும். ஒரு பாடத்தில் முழுதாக அகன்றுவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

கேள்வி (தாய், கிளிநொச்சி): தரம் 6 படிக்கும் என் மகள் 0.3ஐ விட 0.25 பெரிது என்கிறாள். கவனக்குறைவா?

பதில்: இல்லை அம்மா. 25 என்பது 3ஐ விடப் பெரிது என்ற சரியான அறிவைப் பிழையான இடத்தில் பயன்படுத்துகிறாள். முப்பது சதத்தையும் இருபத்தைந்து சதத்தையும் ரூபாயின் பங்காக எழுதிக் காட்டுங்கள், 0.3 என்பது 0.30தான் என்று அவளே கண்டுகொள்வாள்.

கேள்வி (உயர்தர மாணவன், வவுனியா): பௌதிகவியல் சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். கணக்கைக் கண்டால் எதில் தொடங்குவதென்று தெரியவில்லை.

பதில்: தம்பி, உம்மிடம் அறிவு இருக்கிறது, அது அடுக்கப்பட்ட விதத்தில்தான் சிக்கல். கற்றல் பற்றி ஆராயும் மிச்சலின் சீயும் அவருடைய கூட்டாளிகளும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், பௌதிகக் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதியவர்கள் சாய்தளம், சுருள்வில் என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்களைக்கொண்டு பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் சக்திக் காப்பு, நியூற்றனின் இரண்டாம் விதி என்று அடிப்படைத் தத்துவங்களைக்கொண்டு பிரித்தார்கள். கடந்தகால வினாத்தாள்களில் இருபது கணக்குகளை எடுத்து, ஒன்றையும் செய்யாமல், எந்தத் தத்துவம், ஏன் என்று மட்டும் எழுதும். சலிப்பான வேலைதான். ஆனால் இன்னும் நூறு கணக்கைக் கண்மூடிச் செய்வதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

கேள்வி (விவசாயி, மாங்குளம்): இடப்பெயர்வால் படிப்பை இடையில் விட்டவன் நான். இப்போது ஒரு நீர்ப்பாசனப் பயிற்சிநெறியில் சேர்ந்திருக்கிறேன். அடித்தளமே இல்லாமல் படிக்க முடியுமா?

பதில்: குளம் நிறைந்து நிற்கும்போது துருசைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வருவதையும், நீர்மட்டம் இறங்கிய பின் தளர்ந்து வருவதையும் நீங்கள் ஆண்டுதோறும் காண்கிறீர்கள். ஆழம் கூடத் திரவ அமுக்கம் கூடும் என்று புத்தகம் சொல்வது அதைத்தான். உங்களிடம் இல்லாதது பெயர்களும் அவற்றை இணைக்கும் விதிகளுமே. கொப்பியின் இடப்பக்கத்தில் வயலில் கண்டதையும் வலப்பக்கத்தில் பாடம் சொல்வதையும் எழுதி வாருங்கள். இடப்பக்கம் வெறுமையாகும் இடத்தில் விரிவுரையாளரை நிறுத்திக் கேளுங்கள். இரண்டு பக்கமும் முரண்படும் இடத்தில் கட்டாயம் கேளுங்கள்.