ஈரம் வந்த பக்கம்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். நகர மையத்தில் ரயில் நிலையத்தோடு இணைந்த மூன்றடுக்கு நிலத்தடி வணிக வளாகம் ஒன்றை இறுதித் திட்டமாக வரைந்து வருகிறேன். கனடாவின் மொன்றியலிலும் ஜப்பானின் ஒசாகாவிலும் உள்ள நிலத்தடி வளாகங்கள் என் முன்மாதிரிகள். தமிழர் அடையாளம் தெரிய வேண்டும் என்று தரையில் கோல வடிவங்களும் தூண்களில் கோபுரச் சாயலும் வைத்திருக்கிறேன். இது போதுமா? வெள்ள அபாயம் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள். வரைபடத்தை இணைத்துள்ளேன்.

— ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

உங்கள் வரைபடத்தை இரண்டு மாலைகள் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். கை சுத்தமான கை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோலத்தை அழித்துவிடுங்கள். கோலம் வாசலில் போடுவது. உங்கள் வளாகத்தில் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, பிறகு கோலம் எதற்கு? கோபுரத்தை மண்ணுக்கடியில் நிறுத்துவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

வெள்ளத்தைப் பற்றிப் பொறியாளரைக் கேளுங்கள். 1999இல் ஜப்பானின் ஃபுக்குவோக்காவில் ஆறு பெருக்கெடுத்து ஹக்காத்தா நிலையப் பகுதியின் நிலத்தடிகளுக்குள் புகுந்தபோது ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் சிக்கிய பெண் ஊழியர் ஒருவர் இறந்துபோனார். கோலாலம்பூரோ மழைநீரைத் திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி 2007இல் திறந்த ஊர். இவ்விரண்டையும் மனத்தில் வைத்தால், நுழைவாயிலைத் தெருமட்டத்திலேயே வரைந்திருக்கமாட்டீர்கள்.

மொன்றியலையும் அவ்வளவு எளிதாக இங்கே தூக்கி வராதீர்கள். 1962இல், ரயில் பாதைக்காக வெட்டிய பள்ளத்தின் மேல் பிளாஸ் வில் மரி என்ற கட்டடத் தொகுதி எழுந்தது. அதன் அடித்தளத்திலிருந்து கிளைவிட்ட நடைவழிகள் இன்று 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. அங்கே மனிதர்களைக் கீழே இறக்கியது பனிக்காலம். நமக்குள்ளவை உச்சிவெயிலும் மாலைமழையும். அவற்றுக்கு எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் கடைவரிசையில், கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையே போதுமானதாக இருந்தது. கடைக்காரர்கள் அதில் சாமான்களை அடுக்கி வழியை மறிக்காதவரை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என் அம்மா சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒன்றைப் போலவே ஒன்று நிற்கும் ஆயிரக்கணக்கான மரங்களுக்கு நடுவே தன் நிரைக்குப் போய்ச் சேர்வார். ஒரு நாளும் வழி தவறியதில்லை. அந்த அம்மா, எழுபது வயதில், கோலாலம்பூரில் ரயில் நிலையத்தையும் கடை வளாகத்தையும் இணைக்கும் ஒரு நிலத்தடி வழியில், நான் பயணச்சீட்டு வாங்கித் திரும்புவதற்குள், தொலைந்துபோனார். வயதாகிவிட்டது, படிக்கத் தெரியாது என்றுதான் அன்று எண்ணினேன். அது தவறு என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தோட்டத்தில் மண் சரிந்தது. அல்லூர், அதாவது வடிகால், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காலுக்குத் தெரிந்தது. பால் ஸ்டோரின் புளித்த வாடை எத்திசையிலிருந்து வருகிறது என்று மூக்குக்குத் தெரிந்தது. கீழேயோ தரை ஒரே மட்டம், வெளிச்சம் ஒரே வெளிச்சம், காற்று குழாயிலிருந்து வரும் காற்று.

அறிவிப்புப் பலகை வைப்பேன் என்பீர்கள். தொரொன்ட்டோவின் நிலத்தடி வழியில் திசைக்கொரு நிறம் வைத்தார்கள்: சிவப்பு தெற்கு, செம்மஞ்சள் மேற்கு, நீலம் வடக்கு, மஞ்சள் கிழக்கு. அதற்குப் பிறகும் அங்கே ஆட்கள் வழி தவறுகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு கட்டடக்காரரும் தத்தம் அடித்தளத்தைத் தத்தம் வசதிக்குத் திருப்பி இணைத்துக்கொண்ட வழி அது. வரைபடத்தில் விட்ட பிழையின் மேல் பிறகு சுற்றும் கட்டுத்துணிதான் பலகை. பாரிசில், பழைய சந்தை இருந்த லே ஆலில் 1979இல் திறந்த வளாகத்தைப் பலரும் திட்டினார்கள். ஆனாலும் அதன் நடுவில் வானம் பார்த்த பள்ளமுற்றம் ஒன்று இருந்தது. எந்தக் கடையிலிருந்து வெளியே வந்தாலும் ஒளி வரும் பக்கம்தான் நடு என்று, எழுத்தறியாதவருக்கும் விளங்கும். உங்கள் மூன்று அடுக்குகளிலும் அப்படி ஒரு துளைகூட இல்லை. வாடகைக்கு விடும் பரப்பு குறைந்துவிடும் என்று யாராவது சொன்னார்களா, அல்லது நீங்களே பயந்துகொண்டீர்களா? மாணவராக இருக்கும்போதே இந்தப் பயம் வந்துவிட்டால், நாளை முதலாளி முன்னால் என்ன வரைவீர்கள்?

கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவை ஒரு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தேன். மேலே மழை பெய்திருந்தது. உள்ளே வருகிறவர்களின் செருப்புத் தடங்கள் ஓடுகளின் மேல் ஈரமாகப் பதிந்திருந்ததைப் பார்த்து, ஈரம் கூடிக்கொண்டே போகும் பக்கமாக எதிர்த்து நடந்து, சாரல் விழும் படிக்கட்டின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்திருந்தார். "ஈரம் வந்த பக்கந்தானேடா வாசல்," என்றார். காவலர் ஒருவர், படியில் உட்காரக் கூடாது என்று அவரை எழுப்பிக்கொண்டிருந்தார். அந்த வளாகம் முழுவதிலும், காசு கொடுத்து எதையாவது வாங்காமல் உட்கார ஓர் இருக்கை இல்லை. உங்கள் வரைபடத்திலும் நான் எண்ணிப் பார்த்தேன், இல்லை.

இரண்டாம் அடுக்கில் மூன்றாவது சந்திப்பில் ஒரு புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறேன். மழை பெய்யாத நாளில், அந்தப் புள்ளியில் நிற்கும் ஒரு கிழவி எதைப் பார்த்து நடப்பார் என்று வரைந்து திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்.