டாம் கீழிறங்குவது ஏன்?

கேள்வி: எங்கள் தேவாலய டிரம்ஸில் வாசிக்கும்போதே டாம் (தண்டில் பொருத்தியிருக்கும் சிறு டிரம்) மெல்லக் கீழிறங்குகிறது, ஸ்டாண்டுகளிலும் துரு தெரிகிறது. புதிதாக வாங்கிவிடலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: அவசரப்பட வேண்டாம். கீழிறங்கும் டாமை நிறுத்த, விங் நட்டை (கையால் திருகும் இறக்கை வடிவ நட்டை) குறடு கொண்டு முறுக்குவதைப் பலரிடம் பார்க்கிறேன். அதனால் மரை தேய்ந்து, பிறகு எந்த நட்டும் பிடிக்காமல் போகிறது. உயரத்தைச் சரிசெய்தபின், தாங்கித் தண்டில் உள்ள மெமரி லாக் வளையத்தை, அதாவது வைத்த உயரம் மாறாமல் காக்கும் வளையத்தை, தண்டைக் கவ்வும் பிடிப்பானோடு ஒட்டி உட்காரவைத்து, டிரம் கீயால் (டிரம் திருகுகளுக்கான சாவியால்) இறுக்குங்கள். பாரத்தை அதுவே தாங்கும்.

உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் மழையும் விடாது. குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் ஈரம் உள்ளே புகுந்து அடியிலுள்ள இரும்பை அரிக்கும். ஆராதனை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரமான உறையை மட்டும் போர்த்திவிடாதீர்கள். மரைகளுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும், ஆனால் தண்டைக் கவ்வும் நைலான் வளையத்தில் அது படவே கூடாது, பட்டால் டாம் மறுபடி வழுக்கும்.

சிம்பலின் (தட்டி ஒலியெழுப்பும் உலோகத் தட்டின்) துளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழலையும் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் இரும்பு நேரடியாக உரசி, துளை நீள்வட்டமாகி, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். விலை சொற்பம், உடனே மாற்றுங்கள்.

பிடிப்பான் உடைந்திருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். தண்டின் தடிமன் 9.5, 10.5, 12.7 மி.மீ. என நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், வெர்னியர் அளவுகோலால் அளந்த பிறகே கடைக்குச் செல்லுங்கள்.