பூங்காவுக்கு ‘நமக்கு நாமே’ பணம்: டிரஸ்ட் பதிவு செய்யச் சொல்லும் புரோக்கருக்கு என்ன பதில்?

வாசகர் கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் 64 வீடுகள் உள்ள நகர் எங்களுடையது. நடுவில் பூங்காவுக்கு என்று விட்ட இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே இறங்கிச் சுத்தம் செய்துவிட்டோம். நடைபாதை, விளக்கு, பெஞ்சு போட ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மானியம் கிடைக்கும் என்கிறார்கள். இதற்கு டிரஸ்ட் பதிவு, 12ஏ, 80ஜி, தர்பண் எல்லாம் கட்டாயம் என்று ஒருவர் சொல்கிறார். எல்லாம் முடித்துத் தர 35,000 ரூபாய், மானியம் வந்ததும் அதில் 10 சதவீதம் கேட்கிறார். எங்களிடம் 1,40,000 ரூபாய் வசூலாகியிருக்கிறது. அவரிடம் கொடுக்கலாமா? மானியம் எங்கள் கைக்கு எத்தனை மாதத்தில் வரும்?

பதில்: கொடுக்காதீர்கள். மானியம் உங்கள் கைக்கு எந்த மாதத்திலும் வராது. இந்தத் திட்டத்தில் பணம் பொதுமக்களிடமிருந்து அரசுக்குப் போகிறது. அரசு தன் பங்கைச் சேர்த்து வேலையைச் செய்கிறது. உங்கள் சங்கத்துக்குக் காசோலை வரப்போவதில்லை என்றால், ‘வந்ததும் 10 சதவீதம்’ என்பவர் எதில் 10 சதவீதம் எடுப்பார்? முன்பணமாகக் கேட்கும் 35,000 ரூபாய்தான் அவருடைய வருமானம்.

திட்டம் 1997-98இல் வந்தது. 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22இல் பழைய பெயருக்கே திரும்பியது. அதனால் சில அலுவலகங்களில் இரண்டு பெயரும் புழங்கும். விதி சுருக்கமானது: ஒரு பொது வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். தனி ஆளும் கட்டலாம், நான்கைந்து பேர் சேர்ந்தும் கட்டலாம், ஒரு கடையோ கம்பெனியோகூடக் கட்டலாம். கட்டுகிறவர் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்த ஆள் அடுக்கும் பெயர்கள் என்னவென்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். 12ஏ என்பது ஒரு டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு வாங்கும் பதிவு. 80ஜி, அந்த டிரஸ்டுக்கு நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை. தர்பண் என்பது நிதி ஆயோக் நடத்தும் இணையப் பதிவு. மத்திய அமைச்சகங்களிடம் நிதி கேட்கும் தொண்டு நிறுவனங்களுக்கானது. மாநகராட்சிப் பூங்காவில் பெஞ்சு போட இவற்றில் ஒன்றும் தேவையில்லை. போதாக்குறைக்கு, தர்பண் பதிவுக்கு அரசுக் கட்டணமே கிடையாது. இதைவிடப் பெரிய ஆபத்து, இப்படிப்பட்டவர்கள் எழுதித் தரும் டிரஸ்ட் பத்திரத்தில் இருக்கிறது. அறங்காவலர்களில் ஒருவராகத் தன் ஆளின் பெயரை நுழைத்துவிடுவார்கள். பிறகு அந்த டிரஸ்ட் பெயரில் ஊர் ஊராக வசூல் நடக்கும். கையெழுத்துப் போட்ட குற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நிரந்தரமாக ஒரு குடியிருப்போர் சங்கம் வேண்டும் என்று தோன்றினால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நேரே பதியலாம். அதை நிதானமாகச் செய்யுங்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்குத் தாக்கல் செய்ய ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

உங்கள் வேலையில் உண்மையான தடை டிரஸ்ட் அல்ல, நிலம். ‘பூங்காவுக்கு என்று விட்ட இடம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டது யார், யாரிடம் விட்டார்கள்? மனை போட்டு விற்றவர் வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்துக் காட்டியதால் அது மாநகராட்சி இடம் ஆகிவிடாது. அந்த இடத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். பழைய மனைப்பிரிவுகள் பலவற்றில் இது நடக்கவே இல்லை. சில இடங்களில் பத்து வருடம் கழித்து அதே பூங்காவை இரண்டு மனையாகப் பிரித்து விற்றும்விட்டார்கள். ஒப்படைக்காத நிலத்தில் அரசுப் பணம் செலவழிக்க எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார்; போடவும் கூடாது.

அதனால் முதல் வேலையாக, பதிவுத் துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்க விவரம் பாருங்கள். பார்ப்பது இலவசம். அதில் தானப் பத்திரம் இருக்கிறதா, அதற்குப் பிறகு ஏதாவது கிரயம் நடந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அடுத்து நகர நில அளவைப் பதிவேட்டின் நகலில் அந்த இடம் யார் பெயரில் நிற்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடம். இது கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘பூங்கா விவரம் தரவும்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படியே வரும். ‘இன்ன சர்வே எண்ணில் உள்ள பூங்கா ஒதுக்கீட்டு இடத்தின் தானப் பத்திர நகல், அந்த இடம் பதியப்பட்ட சொத்துப் பதிவேட்டின் பக்க நகல்’ என்று கேளுங்கள். சத்துவாச்சாரி முன்பு தனி நகராட்சியாக இருந்தது என்பதை மறக்க வேண்டாம். பழைய நகராட்சிக் கோப்பையும் சேர்த்துத் தேடச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். உங்கள் நகர் வீட்டுவசதி வாரியம் போட்டது என்றால், பூங்காவை வாரியம் மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டதா என்பதுதான் கேள்வி. இடம் ஓடைப் புறம்போக்கு என்று வந்தால் அதோடு விட்டுவிடுங்கள், அங்கே கட்டக்கூடாது.

நிலம் சரி என்றால், வார்டு உறுப்பினரிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டு, மண்டல அலுவலகத்தில் ஆணையர் பெயருக்கு மனுக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: இடம், சர்வே எண், என்ன வேலை, எவ்வளவு கட்டத் தயார், கட்டப்போகிறவர்களின் பெயரும் கையெழுத்தும். பதிவு எண் போட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். அது வரும்வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

எஸ்டிமேட் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 2 லட்சம். கையில் 1,40,000 இருக்கிறது, இன்னும் 60,000 வேண்டும். ஆனால் 6 லட்சத்துக்கும் வேலை நடக்கும் என்று எண்ணாதீர்கள். அதற்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி., தொழிலாளர் நல நிதி எல்லாம் அடக்கம். தரையில் விழுவது ஏறக்குறைய 5 லட்சம்தான். ‘மீதி எங்கே போயிற்று’ என்று தெருவில் சண்டை வருவது இந்த இடத்தில்தான். எஸ்டிமேட் நகல் வாங்கி, எல்லா வீட்டுக்கும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

ஞாயிறுதோறும் நீங்கள் போட்ட உழைப்பையும், ஜே.சி.பி.க்குக் கொடுத்த வாடகையையும் உங்கள் பங்கில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா என்ற எண்ணம் வரும். அதை நம்பி இறங்காதீர்கள். கணக்கில் ஏறுவது வரைவோலையாகவோ வங்கி வழியாகவோ கட்டும் பணம். ‘முதலில் வேலையை முடித்துவிடுங்கள், பிறகு பில் வைத்து வாங்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். நிர்வாக அனுமதிக்கு முன் செய்த வேலைக்கு அரசுப் பங்கு வராது.

இனி எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விலக்கு. மூன்றில் ஒரு பங்கு கட்டினால் வேலை டெண்டருக்குப் போகும். ஒப்பந்ததாரரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மதிப்பீட்டில் பாதியோ அதற்கு மேலோ கட்டினால், பணம் கட்டியவர்களே வேலையைச் செய்யலாம், அல்லது தாங்கள் நம்பும் ஒருவரை வைத்துச் செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நிபந்தனையையும் கேளுங்கள். 6 லட்சம் வேலைக்கு 3 லட்சம் முன்னால் கட்ட வேண்டும். கட்டிய பிறகு வேலை செய்யக் கைமுதல் தனியாக வேண்டும், ஏனென்றால் உதவிப் பொறியாளர் அளந்து எம்.புக்கில் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகம்) ஏற்றிய பிறகுதான் பில் பாஸ் ஆகும். அளவு, கலவை, கனம் எல்லாம் எஸ்டிமேட்டில் உள்ளபடிதான். உங்கள் பணம் பாதி என்பதற்காக மாற்ற முடியாது. பில் எல்லாம் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்க வேண்டும். பாதி என்றால் அனுமதித்த எஸ்டிமேட்டில் பாதி. நீங்கள் மனதில் வைத்திருக்கும் தொகையில் பாதி அல்ல. 2,90,000 கட்டிவிட்டு ‘கிட்டத்தட்டப் பாதிதானே’ என்று கேட்டால் நடக்காது.

இந்த விலக்கைத்தான் கெட்ட ஒப்பந்ததாரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ‘நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், 3 லட்சத்தை நான் கட்டுகிறேன், வேலையை என்னிடம் விடுங்கள்’ என்று வருவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் 3 லட்சம் கட்டுகிறார், முடிவில் 6 லட்சம் பில் எடுக்கிறார். வரி 1 லட்சம் போனால் கைக்கு வருவது 5 லட்சம். அதில் தான் கட்டிய 3 லட்சத்தை எடுத்துக்கொண்டால் மீதி 2 லட்சம், அதற்குள் அவர் லாபமும் இருக்கிறது. 6 லட்சம் ரூபாய் என்று கல்வெட்டு வைத்த பூங்காவில் ஒன்றரை லட்சத்துக்குத்தான் வேலை நடந்திருக்கும். ஊரார் பங்களிப்பு என்று காகிதத்தில் இருப்பது உங்கள் பெயர். விரிசல் விட்டபின் கேட்கப்போனால், ‘வேலை செய்ததே நீங்கள்தானே’ என்று திருப்பி உங்களையே கேட்பார்கள். இந்த மோசடி மூன்று கையெழுத்தைத் தாண்டிப் போகிறது, யாரும் நிறுத்துவதில்லை. ஒரு பெஞ்சுக்கு ஐந்து மேசையில் கோப்பை நிறுத்திவைக்கத் தெரிந்த அமைப்புக்கு, பணம் யார் கணக்கிலிருந்து வந்தது என்று பார்க்க ஒரு நிமிடம் கிடைக்காதா? 64 வீட்டுக்காரர்களுக்கு மூன்றில் ஒரு பங்கே போதும். டெண்டருக்குப் போகட்டும், நின்று வேலை வாங்குங்கள்.

நின்று வேலை வாங்குவது என்றால் இதுதான். 80 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்று நடைபாதை வைத்தால் 120 சதுர மீட்டர். அடியில் ஜல்லிப் படுகை அமுக்கியபின் 100 மி.மீ. நிற்க வேண்டுமானால் ஐந்தரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) அளவுக்கு ஜல்லி இறங்க வேண்டும். அதன்மேல் 40 மி.மீ. எம்-சாண்டுக்கு ஏறக்குறைய 2 யூனிட். இரண்டு யூனிட் ஜல்லியைத் தூவிவிட்டு மேலே பேவர் பிளாக்கை அடுக்கினால், முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே குழி விழும். லாரி எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதிவைக்க ஓய்வுபெற்றவர் ஒருவர் போதும். இரண்டு ஓரத்திலும் கெர்ப் கல்லை (பாதையைத் தாங்கும் ஓரக்கல்) கான்கிரீட்டில் பதிக்காமல் விட்டால், பிளாக்குகள் வெளிப்பக்கமாக நகர்ந்து வாய் பிளக்கும். பாதையின் ஒரு பக்கம் 3 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், மலையடிவாரத் தெருக்களில் மேலிருந்து வரும் தண்ணீருக்கு வழிவிடாத பாதை நிற்காது.

சோலார் விளக்கு வேண்டாம் என்பேன். சில வருடத்தில் பேட்டரி போனால் மாற்ற யாரும் வருவதில்லை. பக்கத்தில் மின்கம்பம் இருந்தால் மின்இணைப்பில் எல்.இ.டி. கேளுங்கள், மின்கட்டணம் மாநகராட்சி ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மரத்துக்கு இரண்டடிக் குழி, புங்கன், வேம்பு, நாவல், மகிழம். கோனோகார்பஸ் இலவசமாக வந்தாலும் வாங்காதீர்கள். வேலூர் வெயிலில் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற யார் முறை என்று இப்போதே பட்டியல் போட்டுவிடுங்கள்.

கால அளவு கேட்டீர்கள். விலை விகிதப் பட்டியல் மாறினால் பழைய எஸ்டிமேட்டைத் திருத்தச் சொல்வார்கள்; பொறியாளர் மாற்றலாகிப் போனால் புதியவர் மறுபடி இடம் பார்ப்பார்; தேர்தல் நடத்தை விதி வந்தால் புது அனுமதி கிடையாது; மார்ச் 31 நெருங்கினால் ‘அடுத்த நிதியாண்டு’ என்பார்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக மனதில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை மண்டல அலுவலகம் போய்க் கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். இரண்டு மாதம் ஒரே மேசையில் இருந்தால், ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வுக் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். அந்த அலுவலகம் சத்துவாச்சாரியிலேயே இருப்பது உங்களுக்கு வசதி.

அதுவரை அந்த 1,40,000 ரூபாய் ஒருவருடைய சொந்தக் கணக்கில் கிடக்கக் கூடாது. அதிக வட்டி நிறுவனங்களில் சேமிப்பைப் பறிகொடுத்த ஊர் இது; காசு கொடுக்க மக்கள் தயங்குவதில் தவறில்லை. மூன்று பேர் பெயரில், மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு கூட்டுச் சேமிப்புக் கணக்குத் திறந்து அதில் போடுங்கள். கொடுத்த வீடுகளுக்கு எண் போட்ட ரசீது கொடுங்கள். இன்னும் தராத வீடுகளிடம் பணம் வாங்க வேண்டாம், இன்ன தொகை தருகிறேன் என்று கையெழுத்து மட்டும் வாங்குங்கள். எஸ்டிமேட் வந்து, பணம் கட்டச் சொல்லி எழுத்தில் கடிதம் வந்தபிறகு அதை வசூலித்து, ஒரே வரைவோலையாக மாநகராட்சிக்குக் கட்டி ரசீது வாங்குங்கள்.