முக்கால் மணி நேரம், எண்பது பீடி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. பத்து வருஷமாகச் சென்னையில் மென்பொருள் வேலை. போன மாதம் ஊருக்கு வந்திருந்தேன். அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எழுபத்தொரு வயதிலும் தினமும் காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறார், நன்றாகவும் இருக்கிறார். அம்மாவுக்கு அறுபத்து நான்கு. சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் இருந்தும் நடக்கவே மாட்டேன் என்கிறார். ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன், அது அலமாரியில் கிடக்கிறது. கிராமத்துப் பக்கம் போனாலும் இதே கதைதான். வயலிலும் பனையிலும் உழைத்த ஜனம் இன்று சோம்பேறியாகிவிட்டது. மிக்ஸி, இலவச பஸ், நூறு நாள் வேலை என்று உடம்பு வளையாமல் போய்விட்டது. அம்மாவை எப்படி நடக்க வைப்பது? தினமும் பத்தாயிரம் அடி கட்டாயமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டதால் விட்டிருக்கிறேன்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் அம்மாவை முழங்கால் வலிக்காக ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தேன். சின்ன வயது டாக்டர், பொறுமையாகப் பார்த்தார். எழுதிக் கொடுக்கும்போது மட்டும், “இளவயசுலயே நல்லா நடந்து பழகியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது பாட்டி” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை. சாயங்காலம் உங்கள் கடிதத்தைத் திறந்தால் ‘சோம்பேறி’ என்ற சொல் கிடக்கிறது.

பத்தாயிரம் அடியை முதலில் முடித்துவிடுவோம். டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது 1964இல். அதற்கு அடுத்த வருஷம் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதற்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். எண் அங்கிருந்து கிளம்பியதுதான். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு, முடிந்தால் 300 வரைக்கும். வயல் வேலை, வீட்டு வேலை, கடைக்கு நடந்து போவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இலவச பஸ் பற்றிய குறையையும் விட்டுவிடுங்கள். பஸ் காசுக்கு யோசித்து வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் இப்போது ஸ்டாப் வரைக்கும் நடந்து போய் ஏறுகிறார்கள். அதனால் யார் காலும் மரத்துப்போகவில்லை.

சோம்பேறி என்ற சொல்லை மட்டும் என்னால் விட முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது முக்கூடல் பக்கம். எங்கள் தெருவில் முப்பது வீடு என்றால் இருபத்தைந்து வீட்டில் பீடித் தட்டு இருக்கும். அம்மா பன்னிரண்டு வயதில் தட்டை மடியில் எடுத்து வைத்தவள், அறுபது வயதில்தான் இறக்கி வைத்தாள். ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவாள். காலையில் சோறு பொங்கி இறக்கி, எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்காருவாள். இடது காலை மடக்கி வலது காலை நீட்டி உட்காருவது அவள் வழக்கம். தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவது, தூளை வைத்து உருட்டுவது, இரும்புக் குச்சியால் முனையை மடக்குவது, நூலைச் சுற்றி அறுப்பது. ஒரு பீடிக்கு அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு, நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்குத்தான் கூலி. உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. அதிலும் சரியில்லை என்று கடையில் கழித்துப் போடுவது தனி.

எழுந்து தண்ணீர் குடித்தால் நாலு பீடி போச்சு. அதனால் தண்ணீரே கம்மியாகக் குடிப்பாள். விரலும் மணிக்கட்டும் தவிர உடம்பில் வேறொன்றும் அசையாது. மதியம் எழும்போது இரண்டு கையையும் தரையில் ஊன்றி, சுவரைப் பிடித்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது.

சர்க்கரை இருப்பது தெரிந்தபோது வேறொரு டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் கேட்டாள்: “முக்கா மணி நேரம்னா எம்புட்டு பீடி தெரியுமாய்யா? எம்பது. எம்பது பீடிய யாரு சுத்துவா?”

இந்தக் கேள்விக்கு இன்று வரைக்கும் யாரும் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ‘நட’ என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது என்று சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் நடக்காமல் இருந்தாள் என்றும் சொல்லிவிட முடியாது. தினமும் சாயங்காலம் கட்டுகளைத் தட்டில் அடுக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போவாள். பக்கத்து வீட்டு மூன்று பேரும் கூடப் போவார்கள். ஒரு கிலோமீட்டர் இருக்கும். போக வரப் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். நாள் முழுக்க மடங்கிக் கிடந்த உடம்புக்கு இருந்தது அந்த நடை ஒன்றுதான். 1993இல் எனக்கு வேலை கிடைத்தது, டி.வி.எஸ். 50 ஒன்று வாங்கினேன். “நீ எதுக்கும்மா நடக்க? நான் கொண்டு போய்க் கொடுத்துட்டு வாரேன்” என்றேன். பையன் வண்டியில் கொண்டு போகிறான் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை. மிச்சமான அந்த நேரத்தில் என்ன செய்தாள் தெரியுமா? இன்னும் நாலு கட்டு கூடுதலாகச் சுற்றினாள்.

அவள் முழங்கால் போனதற்கு அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு இருந்த ஒரே நடையைப் பாசத்தோடு பிடுங்கியது நான்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1953இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் தொழிலாளர்களைப் பற்றி எழுதியது பிரசித்தம். ஒரே பஸ், ஒரே நிர்வாகம். உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவருக்கு மாரடைப்பு அதிகம், மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிற கண்டக்டருக்குக் குறைவு. டிரைவர்களுடைய உடற்கட்டு முதலிலேயே வேறாக இருந்ததும் ஒரு காரணம் என்று அவரே பின்னால் சொன்னார். அது கிடக்கட்டும். டிரைவர் சோம்பேறி என்பதால் உட்காரவில்லை. அவருக்குக் கிடைத்த இருக்கை அது. என் அம்மாவுக்குக் கிடைத்த இருக்கை எங்கள் வீட்டுத் திண்ணை.

“வயலிலும் பனையிலும் உழைத்த ஜனம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மாமா ஒருவர் திசையன்விளை பக்கம் பனையேறினார். சீசனில் நாற்பது மரம், காலையும் மாலையும். நெஞ்சில் மரம் உரசி உரசி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்துப் போயிருக்கும். சின்ன வயதில் நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன், ஆமை ஓடு மாதிரி இருக்கும். நீங்கள் சொல்லும் உடற்பயிற்சி அவருக்கு எந்த ஜிம்முக்குப் போவதைவிடவும் பத்து மடங்கு இருந்தது. ஐம்பது வயதில் நிமிர்ந்து நிற்க முடியாமல் போனார். கூலிக்காக நாள் முழுக்க உடம்பை முறிப்பதும், ஓய்வு நேரத்தில் விரும்பி நடப்பதும் உடம்புக்கு ஒன்றல்ல என்று ஆய்வாளர்கள் இப்போது சொல்கிறார்கள். விரும்பிச் செய்வது இதயத்தைக் காக்கிறது. வேலையில் ஓய்வில்லாமல் தூக்கிச் சுமப்பவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, ஆயுள் குறைவதைத்தான் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஒருத்தர் உடம்பு அசையாமல் கெடுகிறது, இன்னொருத்தர் உடம்பு ஓயாமல் அசைந்து கெடுகிறது. இரண்டு பேருக்கும் இல்லாதது ஓய்வு. அதனால் பனையையும் வயலையும் காட்டி ஏக்கப்படாதீர்கள் தம்பி. ஏறியவர்கள் யாரும் தங்கள் பிள்ளை ஏற வேண்டும் என்று நினைக்கவில்லை.

வயலுக்கும் இப்போது ஆள் வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் நடவுக்கு முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றதைப் பார்த்தவன் நான். அந்த வேலையில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது, மீதிக்கு வடக்கிலிருந்து ஆள் வருகிறார்கள். இளசுகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியது அறுபது தாண்டியவர்கள். நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கிழவியைப் பார்த்துச் சோம்பேறி என்கிறீர்கள். அவர் வயதைக் கேட்டீர்களா? நாற்பது வருஷம் நாற்று நட்டவர் அவர்.

எண்கள் வேண்டுமென்றால் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியப் பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், 49.4 சதவீதம், தேவையான அளவு உடல் உழைப்பு இல்லாதவர்கள். 2000இல் இது 22.3தான். 2022இல் ஆண்களில் 42, பெண்களில் 57. பெண்கள் எண் ஏன் இவ்வளவு கூடுதல் என்று யோசித்தீர்களா? 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதில் ஒரு நாளைக்குப் போவது 299 நிமிஷம். வீட்டு வேலை பார்க்கும் ஆணுக்கு 97. ஐந்து மணி நேரம் நிற்கிறாள், குனிகிறாள், காய் நறுக்குகிறாள், பாத்திரம் தேய்க்கிறாள். அதில் மூச்சு வாங்கும்படியான வேலை கொஞ்சம், கால் கடுக்கிற வேலை நிறைய. அலுப்பு முழுசாக வந்துவிடுகிறது, பலன் பாதிகூட வருவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உட்பட நாலு இடங்களில் எடுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் விளையாட்டோ உடற்பயிற்சியோ செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஓய்வு நேரம் என்ற ஒன்று இருந்தால்தானே!

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா தினமும் நடப்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒழுக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. மைதானம் பக்கத்தில் இருக்கிறது. கூட நடக்க நாலு சிநேகிதர்கள் இருக்கிறார்கள். ஐந்தரைக்குக் கிளம்பி ஏழுக்குத் திரும்பினால் காபியும் இட்லியும் தயாராக இருக்கின்றன. அந்த ஒன்றரை மணி நேரம் உங்கள் அம்மா எங்கே இருந்தார்? அப்பாவின் நடையில் பாதி அம்மா அடுப்படியில் நின்றது. இதை நீங்கள் எழுதவே இல்லை. வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை நீங்கள், உங்கள் கண்ணிலும் படவில்லை. வாட்ச் வாங்கத் தோன்றியிருக்கிறது, காலையில் இட்லி ஊற்றத் தோன்றவில்லை.

தம்பி, உங்களுக்கு அம்மா மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. நானும் பாசத்தில்தான் வண்டி வாங்கினேன்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது பத்து நாள் லீவு சேர்த்துப் போடுங்கள். காலை அடுப்படியை நீங்களும் அப்பாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சென்னைக்குப் போன பிறகும் அப்பா அதைத் தொடர வேண்டும். அதைப் பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அவர் சாயங்காலம் நடக்கட்டும். அம்மாவிடம் ‘நட’ என்று சொல்லாதீர்கள், எங்கே போகப் பிடிக்கும் என்று கேளுங்கள். மைதானம் பிடிக்காமல் இருக்கலாம். ஆண்கள் கும்பலாகச் சுற்றும் இடத்தில் புடவையோடு தனியாக நடக்க அவருக்குக் கூச்சமாக இருக்கலாம்.

என் அம்மாவிடம் நான் இதைக் கேட்டேன். “பீடிக்கடைக்குப் போவோமா?” என்றாள். கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. ஆனாலும் ஊரில் இருக்கும் நாளெல்லாம் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்வருகிறேன். முன்பு கால் மணி நேரத்தில் போன தூரம், இப்போது முக்கால் மணி ஆகிறது. வழியில் மூன்று திண்ணைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போகிறோம். மூன்றாவது திண்ணையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இன்னும் பீடி சுற்றுகிறாள். அம்மா போய் உட்கார்ந்ததும் அவள் மடியில் இருக்கும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். “நான் ஒரு கட்டு சுத்தித் தாரேன். நீ எந்திச்சு ரோடு வரைக்கும் ஒரு நட போயிட்டு வா” என்று அனுப்புகிறாள். அந்தப் பெண் திரும்பி வருகிற வரைக்கும் நாங்கள் அங்கேயே இருக்கிறோம்.

அன்புடன்,
அண்ணாச்சி